ஒண்ணாப்பில் சேர்த்தாயிற்று, இனி?

(முதல் வகுப்பில் பிள்ளைகளைச் சேர்த்திருக்கும் பெற்றோரிடையே, மாலை நேரப் படிப்பகம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

வேலை முடிந்து வந்து, அடுப்பைக்கூடப் பற்ற வைக்காமல் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் பேசிவிடுகிறேன்.

பிள்ளையை ஒண்ணாப்பில் சேர்த்துவிட்டோம். ஜூன் முதல் ஏப்ரல் வரை அந்தப் பள்ளிக்கூடத்திடம் நாம் எதை எதிர்பார்க்கலாம்? நம் தாத்தா பாட்டியிடம் இதைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள். உள்ளே விடுவார்களா என்பதுதான் அவர்கள் காலத்துக் கேள்வி. சிறுவன் அம்பேத்கர் உட்காருவதற்கான சாக்கை வீட்டிலிருந்தே எடுத்துப் போய், மாலையில் சுருட்டி எடுத்து வந்தார். தண்ணீர் ஊற்ற பியூன் வராத நாளில் அவருக்குத் தண்ணீர் கிடையாது. இங்கே 1953இல் ராஜாஜி ஆட்சி என்ன செய்தது? தொடக்கப் பள்ளி நேரத்தை மூன்று மணியாகச் சுருக்கியது, மீதி நேரத்தில் பிள்ளை வீட்டுத் தொழிலைப் பழகட்டும் என்றது. மலம் அள்ளுகிறவர் வீட்டுப் பிள்ளை எந்தத் தொழிலைப் பழகும் என்று கேட்கவே வேண்டாம். பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் அதைக் குலக்கல்வி என்று பெயர் சொல்லி எதிர்த்தார்கள். அடுத்த ஆண்டே, காமராசர் முதல்வரான பிறகு, அது கைவிடப்பட்டது. இன்று நம் பிள்ளை நாள் முழுக்க வகுப்பில் உட்காருகிறது என்றால், அந்தச் சண்டை நடந்ததால்தான். ஆகவே கூச்சப்படாமல் எதிர்பார்ப்போம்.

முதலில் சோறு. 1920லேயே சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு போட்டது. அப்போது மாநகராட்சித் தலைவர் நீதிக்கட்சியின் தியாகராயர். பிறகு காமராசரின் 1956, எம்.ஜி.ஆரின் 1982. 2022 செப்டம்பரிலிருந்து காலைச் சாப்பாடும் வந்துவிட்டது. விடிவதற்குள் வேலைக்குக் கிளம்புகிற அம்மாக்களுக்கு இதன் அருமையை நான் சொல்ல வேண்டியதில்லை. சமைப்பது யார், பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவது யார் என்பதிலும் கண் வையுங்கள். 2023இல் கரூர் மாவட்டத்துப் பள்ளி ஒன்றில், அருந்ததியர் பெண் சமைக்கிறார் என்று சில பெற்றோர் பிள்ளைகளைச் சாப்பிட விடாமல் தடுத்தார்கள். மாவட்ட ஆட்சியரே நேரில் போக வேண்டியதாயிற்று. ஆறு வயசுப் பிள்ளைக்கு உப்புமாவில் சாதி தெரியாது. வீட்டில் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

அடுத்து படிப்பு. கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்கப் பள்ளி ஆண்டுக்கு 200 நாளாவது நடக்க வேண்டும். 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். இரண்டு பேர், ஐந்து வகுப்பு! ஆகவே உங்கள் பிள்ளை இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு ஒரே அறையில் உட்கார்ந்திருந்தால் திகைக்காதீர்கள். சின்னப் பள்ளிகள் பலவற்றில் அப்படித்தான். இதை நான் நியாயப்படுத்தவில்லை. கூடுதல் ஆசிரியர் கேட்க வேண்டிய இடம் வேறு, அதற்குப் பிறகு வருகிறேன்.

ஜூன், ஜூலையில் பாட்டு, கதை, படம் வரைதல் என்றுதான் போகும். "ரெண்டு மாசமாச்சு, இன்னும் அ, ஆ எழுத வரலையே" என்று முதுகில் அறையாதீர்கள். பள்ளிக்கூடத்தில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்துவிட்டு மறுநாளும் போகச் சம்மதிப்பதே அந்த வயசுக்குப் பெரிய காரியம். ஆனால் அரையாண்டு விடுமுறை வரும்போது எழுத்துகளை அடையாளம் தெரிந்து சின்னச் சொற்களைக் கூட்டிப் படிக்கத் தொடங்கியிருக்க வேண்டும் என்பது என் கணக்கு. இல்லையென்றால் ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். குறை சொல்கிற தொனி வேண்டாம், ஆனால் பதில் வாங்காமல் திரும்பவும் வேண்டாம். எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிப்பார்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகூட அரும்பில் இருக்கலாம். எந்த இடத்தில் நிற்கிறதோ அங்கிருந்து சொல்லிக் கொடுப்பதற்காகத்தான் அந்தப் பிரிவு. "காலனிப் பிள்ளைங்கன்னாலே அரும்புதான்" என்று எந்த ஆசிரியராவது சொன்னால், அவர் சொல்வது பிள்ளையின் படிப்பைப் பற்றியது இல்லை.

ஒன்று, இரண்டு வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று 2018இல் சென்னை உயர் நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. முதல் வகுப்பில் பெயில் கிடையாது. அடிக்கக் கூடாது, மனம் நோகப் பேசவும் கூடாது, இரண்டும் சட்டத்தின் 17ஆம் பிரிவில் இருக்கின்றன.

மனம் நோகப் பேசுவது என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும், நம் பேச்சு. பிள்ளை வகுப்பில் வாயைத் திறந்து நம் தெருத் தமிழில் ஒன்று சொல்லும். டீச்சர் சிரிப்பார், அல்லது "இப்படியா பேசுவாங்க, ஒழுங்காப் பேசு" என்பார். கெட்ட எண்ணத்தோடுகூடச் சொல்லியிருக்க மாட்டார். ஆனால் பிள்ளைக்கு என்ன புரியும்? தன் அம்மா பேசுவது தப்பு, ஆயா சொன்ன கதை தப்பு, தான் வாயைத் திறந்தாலே தப்பு. ஆகஸ்டில் அது வகுப்பில் பேசுவதை நிறுத்திவிடும். டிசம்பரில் "மக்குப் பிள்ளை" என்று பெயர் வந்துவிடும். படிப்பு வராத பிள்ளை என்று நாம் சொல்கிற பாதிப் பேர் இப்படிப் பேச்சை இழந்த பிள்ளைகள்தான் என்று நான் நினைக்கிறேன். நூல் தமிழைக் கற்க வேண்டும், அதில் சந்தேகமில்லை. வீட்டுத் தமிழை அவமானப்படுத்தாமலே அதைக் கற்பிக்க முடியும். நல்ல ஆசிரியர்கள் தினமும் அதைச் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

சாதி வகுப்பறைக்குள் கொடி பிடித்துக்கொண்டு வராது. உதவித்தொகைக்காக "எஸ்.சி. பிள்ளைங்கள்லாம் எழுந்து நில்லுங்க" என்ற ஒரு வாக்கியத்தில் வரும். துப்புரவுப் பணியாளர் பிள்ளைகளுக்கு ஒண்ணாப்பிலிருந்தே உதவித்தொகை உண்டு. அதை விட்டுவிடாதீர்கள், அது நம் உரிமை. பெற்றோரைத் தனியாக அழைத்து விவரம் வாங்க முடியாதா? விளக்குமாறு யார் கைக்குப் போகிறது என்பதிலும் வரும். 2022இல் ஈரோடு மாவட்டத்தில், பட்டியல் சாதிப் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவ வைத்ததாக ஒரு தலைமையாசிரியை வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் கைதானார். பெற்றோர் போலீசுக்குப் போனதால்தான் அது வெளியே வந்தது.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், கூடப் படித்த தலித் மாணவனை வீடு புகுந்து வெட்டினார்கள். அந்தப் பையன்களும் ஒரு காலத்தில் ஒண்ணாப்பில் உட்கார்ந்து அ, ஆ எழுதியவர்கள்தான். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு 2024இல் அறிக்கை கொடுத்தது. வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் கூடாது, அகர வரிசையில் உட்கார வையுங்கள், சாதிக் கயிறு வேண்டாம் என்றெல்லாம் பரிந்துரைத்தது. இவற்றை மேல்நிலைப் பள்ளிக்கான செய்தி என்று பலர் நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால், உட்காரும் வரிசை முதல் வகுப்பிலேயே தொடங்க வேண்டும். பதினாறு வயசில் மாற்றினால் தாமதம்.

படிப்பகத்து இளைஞர்களுக்கு இடையில் ஒரு வார்த்தை. சேர்க்கையின்போது சாதிக் கட்டத்தைக் காலியாக விடலாம், அதற்கு 1973லேயே அரசாணை உண்டு. நல்லது. ஆனால் இங்கே இருக்கிற அம்மாக்களிடம் அதைப் பிரச்சாரம் பண்ணாதீர்கள். சாதியால் இழந்தவர் அதை எழுதித்தான் இட ஒதுக்கீட்டைப் பெற முடியும். காலியாக விடுகிற புரட்சியை முதலில் சாதியால் லாபம் பார்த்த வீடுகள் செய்யட்டும்.

இவையெல்லாம் நமக்கு எப்படித் தெரியும்? பிள்ளை தானாகச் சொல்லாது. "டீச்சர் அடிச்சாங்களா?" என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்லும். ராத்திரி படுக்கும்போது சும்மா கேளுங்கள். இன்னைக்கு யார் பக்கத்துல உக்காந்த? சாப்பிடும்போது யாரோட? தண்ணி எதுல குடிச்ச? வகுப்பை யார் பெருக்கினா? நாலு நாள் ஒரே மாதிரி பதில் வந்தால் ஐந்தாம் நாள் பள்ளிக்குப் போங்கள். தனியாகப் போகாதீர்கள், இரண்டு மூன்று பேராய்ப் போங்கள். அங்கே பேச்சு எடுபடவில்லையென்றால் கல்வித் துறையின் 14417, குழந்தைகளுக்கான 1098, இந்த இரண்டு எண்களையும் செல்போனில் பதிந்துகொள்ளுங்கள்.

கடைசியாக, பள்ளி மேலாண்மைக் குழு. கூடுதல் ஆசிரியர், தண்ணீர், கழிப்பறை என்று கேட்க வேண்டிய இடம் இதுதான். அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோராக இருக்க வேண்டும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள், ஒடுக்கப்பட்ட பிரிவுப் பெற்றோருக்கு உரிய விகிதத்தில் இடம். சட்டம் சொல்கிறது. ஆனால் பல ஊர்களில் ஊர்த்தெருக்காரர்கள் பேசி முடித்துவிட்டு, நம்மிடம் கையெழுத்து மட்டும் வாங்குகிறார்கள். கூட்டம் என்றைக்கு என்று நாளைக்கே பள்ளியில் கேட்டு வையுங்கள். அன்றைக்குக் கூலி போய்விடுமே என்றால், வீட்டுக்கு ஒருவராக முறை வைத்துக்கொள்ளலாம். யார் முதலில் போகிறீர்கள்? பெயரைச் சொல்லுங்கள், இந்த நோட்டில் எழுதிக்கொள்கிறேன்.