மாப்பிள்ளை அழைப்பு வண்டியும் ராக் இசையும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு காலம் கழிக்கும் ஓர் எழுத்தன், இரயிலைப் பற்றிப் பேசாது மோட்டார் வண்டியைப் பற்றிப் பேச வந்திருப்பது ஏன் என்று நீங்கள் வியக்கலாம். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவனுக்கு அமெரிக்க நாட்டு இசையைப் பற்றிப் பேச என்ன தகுதி என்றும் கேட்கலாம். இரண்டு வினாக்களும் நியாயமானவையே. குற்றம் என் மகளுடையது. கிட்டார் கற்றுக்கொள்ளும் அவள், சென்ற ஆண்டு நம் குடியிருப்பு வீட்டுச் சுவரில் ஒரு படத்தை ஒட்டினாள். நீண்ட, இளஞ்சிவப்பு நிறமுடைய ஒரு மோட்டார் வண்டி. அதன் அருகே எல்விஸ் பிரெஸ்லி என்னும் பாடகர். பாடகரை நான் அறியேன். ஆனால் அந்த வண்டியின் சாயலைக் கண்டவுடன் அறிந்துகொண்டேன். அதன் உறவுக்காரன் ஒருவனோடு என் இளமைக் காலம் முழுவதும் பழகியிருக்கிறேன். எங்கள் வேலூரில் மாப்பிள்ளை அழைப்புக்கு வரும் திறந்த வண்டிதான் அது.

இங்குள்ள முதியோர்க்கு அவ்வண்டியை நான் விளக்க வேண்டியதில்லை. ஜானவாசம் என்று சில வீடுகளிலும், மாப்பிள்ளை அழைப்பு என்று சில வீடுகளிலும் வழங்கும் அந்த இரவு ஊர்வலத்தில், மேற்கூரை இல்லாத பெரிய பிளஷர் ஒன்றில், கோட்டும் மாலையுமாக மாப்பிள்ளை அமர்ந்திருப்பார். அவரைச் சுற்றி, காசு கொடுக்காமல் ஏறிக்கொண்ட பிள்ளைகள் பத்துப் பேர் இருப்பார்கள். இரு பக்கமும் காஸ் விளக்குகளைத் தலையில் சுமந்தவர்கள் நடப்பார்கள். எல்லோருக்கும் முன்னே நாதசுரமோ பேண்டு வாத்தியமோ செல்லும். என் தந்தையார் அந்தப் பேண்டு வாத்தியத்தில் கிளாரினெட் வாசித்தவர். ஆகவே நான் வண்டிக்குள் இருந்த பிள்ளைகளில் ஒருவன் அல்லன்; முன்னே நடந்தவர்களைச் சேர்ந்தவன்.

அவ்வண்டிகள் நம் நாட்டிற்கு எவ்வாறு வந்தன? 1928-ஆம் ஆண்டில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் பம்பாயில் ஒரு தொழிற்சாலை அமைத்து, அமெரிக்காவிலிருந்து உறுப்புகளைக் கொணர்ந்து, இங்கேயே வண்டிகளாகப் பூட்டி விற்றது. நாடு விடுதலை பெற்ற 1947-ஆம் ஆண்டு முதல் பம்பாய்க் குர்லாவில் பிரீமியர் நிறுவனத்தார் டாட்ஜ், பிளைமவுத், டி சோட்டோ ஆகிய வண்டிகளைப் பூட்டினர். ஜமீன்தாரும் ஆலை முதலாளியும் மருத்துவரும் அவற்றை வாங்கினர். பின்னர் அயல்நாட்டு இறக்குமதி குறைந்தது. 1973-இல் பெட்ரோல் விலை உலகெங்கும் ஏறியபோது, குடம் குடமாகப் பெட்ரோல் குடிக்கும் அந்த யானைகளைக் கட்டித் தீனி போட யாரால் முடியும்? சில பழைய இரும்புக் கடைக்குச் சென்றன. சில, கூரை அறுக்கப்பட்டு, வயிற்றில் டீசல் என்ஜின் பொருத்தப்பெற்று, கல்யாண வாடகைக்கு வந்து சேர்ந்தன. எங்கள் ஊர் வண்டி ஒரு டாட்ஜ். அதன் முன்பக்கப் பித்தளைப் பளபளப்பைத் துடைக்கும் வேலையை ஓட்டுநர் எனக்குக் கொடுப்பார். கூலி ஒரு பன்.

இனி அமெரிக்காவுக்குச் செல்வோம். அங்கே இவ்வண்டிகளின் அரசன் காடிலாக். டெட்ராய்ட் நகரில் 1902-இல் பிறந்து, 1909-இல் ஜெனரல் மோட்டார்ஸில் சேர்ந்த பெயர் அது. போர்க்காலத்தில் பறந்த பி-38 என்னும் விமானத்தின் வாலைக் கண்டு மயங்கி, 1948-ஆம் ஆண்டு வண்டிகளின் பின்புறத்தில் சிறு துடுப்புகளை அமைத்தனர். ஆண்டுதோறும் அவை வளர்ந்து, 1959-இல் மீனின் செதிலா, விமானத்தின் இறகா என்று ஐயுறும் அளவுக்கு நிமிர்ந்து நின்றன. ஓட்டுநருக்கும் உள்ளிருப்போர்க்கும் இடையே கண்ணாடித் தடுப்பு வைத்த நீண்ட வண்டியை லிமோசின் என்பர். காடிலாக் லிமோசின் ஒன்றின் நீளம் ஏறத்தாழ 20 அடி. நம் அம்பாசடர் 14 அடி. நம் குடியிருப்புச் சந்தில் அது நுழைந்தால், திரும்பி வெளியே வருவதற்குப் பொறியாளர் ஒருவரின் ஒப்புதல் வேண்டும்.

ராக் இசைக்கும் வண்டிகளுக்கும் உள்ள நட்பு தொடக்கத்திலிருந்தே உள்ளது. முதல் ராக் இசைத்தட்டு எது என்று வாதிடுவோரில் பலர் சுட்டுவது 1951-இல் மெம்பிஸ் நகரில் பதிவான 'ராக்கெட் 88' என்னும் பாட்டை. அது ஓல்ட்ஸ்மொபில் வண்டி ஒன்றின் பெயர். 1955-இல் சக் பெரி பாடிய 'மேபலீன்' பாட்டில் ஃபோர்டு வண்டி ஒன்று காடிலாக்கைத் துரத்துகிறது. அதே 1955-இல்தான் என் மகளின் சுவரில் உள்ள இளஞ்சிவப்பு வண்டியும் வந்தது. எல்விஸ், இரண்டு அறை வீட்டில் பிறந்து, லாரி ஓட்டிப் பிழைத்த ஏழைப் பிள்ளை. பாட்டில் பணம் வந்தவுடன் காடிலாக் வாங்கித் தம் அன்னைக்குக் கொடுத்தார். அந்த அம்மையாரிடம் ஓட்டுநர் உரிமம் இல்லை; அவர் அதை ஓட்டவே இல்லை. இருந்தும் அவ்வண்டியை எல்விஸ் கைவிடவில்லை. அது இன்றும் மெம்பிஸில் அவர் வாழ்ந்த கிரேஸ்லாந்தில் இருக்கிறது. பிள்ளைகளை வளர்த்த தாய்மார்கள் இங்கு வீற்றிருக்கிறீர்கள். இதற்கு மேல் நான் விளக்கத் தேவையில்லை.

அவரிடம் இன்னொரு வண்டி இருந்தது. 1960-ஆம் ஆண்டின் லிமோசின். ஜார்ஜ் பாரிஸ் என்னும் வண்டிக் கலைஞர் அதற்குப் பொன் முலாம் பூசி, உள்ளே தொலைக்காட்சியும் இசைத்தட்டுப் பெட்டியும் செருப்புத் துடைக்கும் கருவியும் அமைத்தார். இசைத்தட்டு நிறுவனத்தார் அதை ஊர் ஊராக அனுப்பினர். பாடகர் வரவில்லை, வண்டி மட்டும் சென்றது. மக்கள் திரண்டு வந்து பார்த்தனர். மூலவர் கருவறையில் இருக்க, உற்சவர் வீதி உலா வருவதைக் காணும் நமக்கு இதில் வியப்பு ஏது? அது இப்போது நாஷ்வில் நகரக் காட்சிக்கூடத்தில் உள்ளது.

இவை வேடிக்கைச் செய்திகள். நான் பேச வந்தது வேறு.

என் தந்தையாருக்கு ஒருநாள் குதிகாலில் ஆணி ஏறிப் புண்ணாகியிருந்தது. அன்று இரவு ஊர்வலம் இரண்டு மைல். பாதி வழியில் அவரால் கால் ஊன்ற முடியவில்லை. ஓட்டுநர் பரிவு கொண்டு, "முன் சீட்டில் உட்கார்ந்தே வாசியுங்கள், அண்ணே" என்றார். கல்யாண வீட்டுப் பெரியவர் ஒருவர் பாய்ந்து வந்து, "வாசிக்கிறவனும் வண்டியில் உட்கார்ந்தால் மாப்பிள்ளைக்கு என்ன மரியாதை?" என்று கேட்டார். தந்தையார் ஒன்றும் சொல்லவில்லை. எஞ்சிய தொலைவையும் நொண்டிக்கொண்டே வாசித்து நடந்தார். அப்போது எனக்கு வயது பதினொன்று. அவருடைய செருப்பு என் கையில் இருந்தது.

வாசிப்பவன் நடக்க வேண்டும், கேட்பவன் அமரவேண்டும் என்னும் வழக்கம் நம்மிடையே பழையது. அதை எதிர்த்து, நாதசுரக்காரன் மேடையில் அமர்ந்து வாசிப்பான் என்று நிலைநாட்டியவர் திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை அவர்கள். 1956-இல் அவர் மறைந்தார். மேடையில் மாறியது வீதியில் மாறச் சற்றுக் காலம் பிடித்தது, அவ்வளவே.

அமெரிக்காவிலும் இதே கதைதான், வேறு உடையில். 1930-களின் தொடக்கம் வரை காடிலாக் விற்பனையாளர்கள் கறுப்பின மக்களுக்கு அவ்வண்டியை விற்பதில்லை என்று இருந்தனர். பணம் படைத்த கறுப்பின மருத்துவரும் குத்துச்சண்டை வீரரும் பாடகரும் வெள்ளையர் ஒருவருக்குப் பணம் கொடுத்து, அவர் பெயரில் வாங்கினர். வீடு வாங்கவும் நல்ல உணவகத்தில் அமரவும் இடமில்லாதவர்க்குத் தம் நிலையைக் காட்ட எஞ்சியிருந்தது ஒரு வண்டி. நிறுவனம் விற்பனையின்றித் தத்தளித்தபோது, நிக்கலஸ் டிரைஸ்டாட் என்னும் அதிகாரி, இவர்களுக்கே நேரடியாக விற்றால் என்ன என்று கேட்டு நிறுவனத்தைக் காத்தார் என்று பீட்டர் டிரக்கர் என்னும் அறிஞர் எழுதியிருக்கிறார். நீதி தேடி எடுத்த முடிவன்று. இலாபம் தேடி எடுத்தது. எனினும் கதவு திறந்தது.

சக் பெரி சிறுவனாக இருந்தபோது, செயின்ட் லூயிஸ் நகரத்தின் ஃபாக்ஸ் அரங்கில் படம் பார்க்கத் தந்தையோடு சென்றார். நிறத்தைக் காட்டித் திருப்பி அனுப்பிவிட்டனர். தந்தை கையைப் பிடித்துக்கொண்டு அப்பிள்ளை வீடு திரும்பிய வழியை என்னால் எண்ணிப் பார்க்க முடிகிறது. 1986-இல் அவருடைய அறுபதாம் பிறந்த நாளை ஒட்டி அதே அரங்கில் இசை நிகழ்ச்சி ஏற்பாடாயிற்று, திரைப்படமாகவும் எடுத்தனர். அப்படத்தில், தம் சிவப்புக் காடிலாக் வண்டியை அவர் அந்த அரங்கின் மேடைமீதே ஏற்றிக்கொண்டு வந்தார். வாயிற்படியில் நிறுத்தப்பட்டவர் வண்டியோடு உள்ளே வந்தார்! அவ்வண்டி இப்போது வாஷிங்டனில், 2016-இல் திறந்த ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் நிற்கிறது. படத்தை எனக்குக் காட்டிய என் மகள், "அப்பா, ஏன் கண்ணைத் துடைக்கிறீர்கள்?" என்று கேட்டாள். தூசி என்றேன்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். 1955 டிசம்பர் முதல் நாள் மான்ட்கோமரி நகரப் பேருந்தில் வெள்ளையர்க்கு இடம்விட்டு எழ மறுத்த ரோசா பார்க்ஸ் அம்மையாரை நீங்கள் அறிவீர்கள். அவர் 2005-இல் மறைந்தபோது, 1940-ஆம் ஆண்டின் லா சால் வண்டி ஒன்று அவரைச் சுமந்து சென்றது. காடிலாக் நிறுவனம் செய்த தம்பி வண்டி அது. ராக் இசைப் பெருமன்றத்தில் இடம்பெற்ற முதல் பெண்மணியான அரீதா பிராங்க்ளினை 2018-இல் டெட்ராய்ட்டில் சுமந்ததும் அதே வண்டிதான். அன்று சாலையோரம் இளஞ்சிவப்புக் காடிலாக்குகள் வரிசையாக நின்றன.

நம் பெங்களூருக்கு வருவோம். நான் வேலைக்கு வந்த புதிதில், 2003 ஏப்ரல் 4-ஆம் நாள் அரண்மனை மைதானத்தில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் பாடினர். சீட்டு வாங்க வசதியில்லை; மதிலுக்கு வெளியே நின்றேன். பின்னர் 2007-இல் அயர்ன் மெய்டனும் 2011-இல் மெட்டாலிகாவும் அங்கே வந்தனர். அந்த மைதானத்திலேயே நகரின் பெரிய கல்யாணங்களும் நடக்கின்றன என்பது உங்களுக்குத் தெரியும். ஒரே வாயிலில் ஒருநாள் வாத்தியக்காரர் வண்டியில் நுழைகிறார். மறுநாள் வாத்தியக்காரர் மாப்பிள்ளைக்கு முன்னே நடந்து நுழைகிறார். இவ்விரண்டையும் கண்டவன் நான்.

என் திருமணம் 2008-இல் வேலூரில் நடந்தது. அந்தப் பழைய டாட்ஜையே என் மாமனார் அமர்த்தியிருந்தார். ஓட்டுநர் மாறியிருந்தார், பித்தளை மங்கியிருந்தது. நான் வற்புறுத்தித் தந்தையாரை என் அருகில் உட்கார வைத்தேன். ஒரு தெரு வரை உட்கார்ந்திருந்தார். முன்னே வாசித்த இளைஞரின் கிளாரினெட்டில் ஒரு சுரம் பிசகிக்கொண்டே இருந்தது. தந்தையார் நெளிந்தார், தொண்டையைச் செருமினார், பிறகு வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிப்போய், அந்த இளைஞரின் கையிலிருந்து வாத்தியத்தை வாங்கிக்கொண்டார். அன்று இரவு கடைசித் தெருவரை அவரே வாசித்தார். என்ன செய்வதென்று தெரியாமல் நின்ற அந்த இளைஞர், தந்தையார் விட்டுச் சென்ற இடத்தில் ஏறி, என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.