மின்சார வண்டி வரட்டும். கடன் யார் தலையில்?

(தில்லி வாழ் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மூன்று சக்கரச் சரக்கு வண்டியை நம்பி வாழும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. மாவு, காய்கறி, தண்ணீர் கேன், பந்தல் சாமான் என்று ஏற்றி இறக்கிப் பிழைக்கிறோம். சி.என்.ஜி. வண்டியை விற்றுவிட்டு மின்சார வண்டி வாங்கலாமா என்பதே இன்று வீட்டுக்கு வீடு பேச்சு. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

முதலில் பழைய பாடம் ஒன்று. 1998 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தில்லியின் பழைய ஆட்டோக்களையும் டாக்சிகளையும் கழித்துவிட்டு, சுத்தமான எரிபொருளில் ஓடும் புது வண்டிகளைக் கொண்டுவர ஆணையிட்டது. காற்று சுத்தமாக வேண்டும் என்பதில் நமக்கு மாறுபாடு இல்லை. தெருவில் நின்று அந்தப் புகையைக் குடித்தவர்கள் நாம்தானே! ஆனால் நடந்தது என்ன? எரிவாயு நிலையங்கள் போதாமல் ஓட்டுநர்கள் மணிக்கணக்கில் வரிசையில் காத்துக் கிடந்தார்கள். புது வண்டிக்காகப் பைனான்ஸ்காரரிடம் கடன்பட்டார்கள். சட்டம் நல்லது, சுமை மட்டும் ஏழையின் தோளில் விழுந்தது.

இப்போது மீண்டும் ஒரு மாற்றம். 2023 நவம்பரில் தில்லி அரசு அறிவித்த திட்டப்படி, செல்போன் செயலி வழியாக ஆளையும் சரக்கையும் ஏற்றும் பெரிய நிறுவனங்களின் வண்டிகள் 2030 ஏப்ரல் 1-க்குள் முழுவதும் மின்சார வண்டிகளாக வேண்டும். ஆணை நிறுவனத்துக்கு, ஆனால் வண்டி பெரும்பாலும் ஓட்டுகிறவர் வாங்கியது!

மின்சார வண்டியில் ஆதாயம் இல்லாமல் இல்லை. 2018 முதல் பெர்மிட் தேவையில்லை. 2019 முதல் ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான். சரக்கு வண்டி நுழையக் கூடாத நேரத்திலும் இலகுரக மின்சார வண்டி போகலாம் என்று 2021-இல் தில்லியில் விலக்குத் தந்தார்கள்.

நாள் ஒன்றுக்கு 80 கிலோமீட்டர் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். இரண்டரைக் கிலோ சி.என்.ஜி., கிலோ 76 ரூபாய் என்றால் 190 ரூபாய். மின்சாரம் 9 யூனிட்; வெளியில் யூனிட் 10 ரூபாய் கொடுத்தாலும் 90 ரூபாய். நாளுக்கு 100 ரூபாய் மிச்சம். மாதம் 25 நாளுக்கு 2,500 ரூபாய்.

கேட்க இனிக்கிறது. ஆனால் மின்சார வண்டிக்கு ஒரு லட்சம் ரூபாய் கூடுதலாகக் கடன் வாங்க நேர்ந்தால்? 12 சதவீத வட்டியில் தொடக்கத்தில் மாதம் 1,000 ரூபாய் வட்டி. 24 சதவீதமானால் 2,000 ரூபாய். அசல் அப்படியே இருக்க, 2,500 மிச்சத்தில் 500 தான் நம் கையில்! ஆகவே லாபத்தைத் தீர்மானிப்பது பேட்டரி அல்ல, வட்டி விகிதம்.

அடுத்தது, சார்ஜ் எங்கே போடுவது? பல வீட்டுக்கு ஒரு மீட்டர் உள்ள குடிசைப் பகுதியில், இழுத்துவந்த ஒயரில் இரவெல்லாம் சார்ஜ் போடுவது தீயோடு விளையாடுவதாகும். 2025 ஜூனில் ஜங்புரா மதராசி கேம்ப் இடிக்கப்பட்டு நரேலாவுக்கு அனுப்பப்பட்ட குடும்பங்களை எண்ணிப் பாருங்கள். பழைய வாடிக்கைக்காரரிடம் போய்த் திரும்புவதற்குள் ஒரு சார்ஜின் பெரும்பகுதி கரைந்துவிடுமே!

ஆகையால் நாம் அவசரப்படவும் வேண்டாம், அஞ்சி ஒதுங்கவும் வேண்டாம். ஓடுகிற வண்டி நல்ல நிலையில் இருந்தால் அதன் தவணை முடியட்டும். புதிது வாங்குகிறவர்கள் பேட்டரிக்கு எத்தனை ஆண்டு, எத்தனை கிலோமீட்டர் உத்தரவாதம் என்பதை எழுத்தில் வாங்குங்கள். தனித்தனியே பைனான்ஸ் கடை வாசலில் நிற்காமல், பத்துப் பேர் சேர்ந்து வங்கிக்குப் போவோம். நம் குடியிருப்புக்கு முறையான இணைப்புடன் பொதுச் சார்ஜ் நிலையம் கேட்போம். நம் வண்டியால் ஆணையை நிறைவேற்றும் நிறுவனங்கள் அதன் செலவிலும் பங்கு ஏற்கட்டும் என்று ஒரே குரலில் சொல்வோம்.

காற்று எல்லோருக்கும் பொது. அதைச் சுத்தமாக்கும் செலவும் பொதுவாகட்டும்!