செப்புத் தகட்டில் செதுக்கிய தீ

(திருவனந்தபுரத்தில் நிகழ்த்தப்பெற்ற உரையின் சுருக்கம்)



1560 முதல் 1812 வரை, இடையில் சில ஆண்டுகள் நீங்கலாக, கோவாவில் போர்ச்சுகீசியரின் மதவிசாரணை மன்றம் இயங்கியது. அதில் சிறைப்பட்டு மீண்ட பிரெஞ்சு மருத்துவர் டெல்லோன் 1687-இல் நூல் வெளியிட்டார். அந்நூலுக்கெனச் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட படங்களில், தீநாக்குகள் தீட்டிய அங்கியுடன் கைதிகள் நிற்கின்றனர். தீர்ப்பளித்தது திருச்சபை, எரித்தது அரசு.

இந்நகரின் பத்மநாபசுவாமிக்கு 1750-இல் நாட்டையே அர்ப்பணித்தவர் மார்த்தாண்ட வர்மா. கிறித்தவம் தழுவிய தேவசகாயம் பிள்ளை எருமைமேல் ஏற்றி இழிவுபடுத்தப்பட்டதும், 1752-இல் ஆரல்வாய்மொழியில் சுட்டுக் கொல்லப்பட்டதும் அவரது ஆட்சியில்தான்.

கோவாவை மட்டும் காட்டிப் பகை வளர்ப்போர் திருவிதாங்கூரை மறைக்கின்றனர். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்போம். மதங்கள் வேறு, மதத்தோடு கைகோத்த அரசதிகாரம் ஒன்றே. அக்கைகளைப் பிரித்து வைப்பதே மதச்சார்பின்மை. அதனைக் காப்பது நம் கடமை.