லைன் வீட்டை யார் வாங்குவது?

(அல்சூர் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று சந்தா பாக்கியைப் பற்றிப் பேசும்படி கிளைச் செயலாளர் சொல்லியிருந்தார். அது அடுத்த கூட்டத்துக்குப் போகட்டும். மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் லைன் வீடு விலைக்கு வந்திருக்கிறது. அதைப் பேசியாக வேண்டும்.

கன்னடத் தோழர்கள் வட்டாரா என்பதை நாம் லைன் வீடு என்கிறோம். இருபதுக்கு அறுபது மனை. ஆறு குடித்தனம், ஒரு குழாய், இரண்டு கக்கூஸ். பெரியவர் இறந்துவிட்டார். பிள்ளைகள் ஒரு கோடியே எண்பது லட்சம் கேட்கிறார்கள். இரண்டு மாதத்துக்குள் பதில் வேண்டுமாம். இல்லாவிட்டால் புரோக்கர் ஆள் கொண்டுவருவார். இடித்துவிட்டு நான்கு மாடி எழும்பும்.

இந்த இடத்துக்கு ஏன் இந்த விலை? 1809-இல் கண்டோன்மென்ட் அமைத்தபோது பட்டாளத்தோடு வந்து கூடாரம் அடித்ததும் சமைத்ததும் துவைத்ததும் நம் முன்னோர். 1864-இல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயில் வந்தது. வாணியம்பாடியிலிருந்தும் ஆம்பூரிலிருந்தும் அதன் பின்னாலேயே வந்தோம். அப்போது இந்தச் சந்துகளை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. 2011 அக்டோபர் 20-ஆம் தேதி எம்.ஜி. ரோட்டிலிருந்து பையப்பனஹள்ளிக்கு மெட்ரோ ஓடியது, அல்சூரிலும் நின்றது. அதன் பிறகு சந்துக்கு ஒரு காபிக் கடை, கண்ணாடிக் கதவு போட்ட அலுவலகம். அந்த மெட்ரோவுக்குக் கம்பி கட்டியவர்களிலும் நம் பிள்ளைகள் இருந்தார்கள். ஆனால் உயர்ந்த மதிப்பெல்லாம் மனைக்குச் சொந்தக்காரருக்குப் போயிற்று. நமக்கு வாடகை உயர்வு வந்தது.

சட்டம் காப்பாற்றுமா என்று ஒரு தாயார் கேட்டார். 1999-ஆம் ஆண்டின் கர்நாடக வாடகைச் சட்டம் இந்த நகரத்தில் மாதம் 3,500 ரூபாய்க்கு மேல் வாடகை உள்ள வீட்டுக்குப் பொருந்தாது. இங்கே ஒன்பதாயிரம் கொடுக்கிறோம். 2013 ஜனவரியில் ஈஜிபுரத்தில் நடந்ததை நேரில் பார்த்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். ஏழைகளுக்கென்று அரசே கட்டிய குடியிருப்பு நின்ற இடம் அது. ஏறத்தாழ ஆயிரத்து ஐந்நூறு குடும்பங்களை புல்டோசர் வைத்து வெளியேற்றினார்கள். பிளாட்பாரத்தில் உட்கார்ந்தவர்களில் தமிழரும் இருந்தார்கள், கன்னடரும் இருந்தார்கள், முஸ்லிம்களும் இருந்தார்கள். ஆகையால் இதை மொழிச் சண்டையாக யாராவது திருப்பினால் அந்தப் பக்கமே போகாதீர்கள். நம் லைன் வீட்டை விற்பவரும் தமிழர்தான்!

சரி, நாமே வாங்கினால் என்ன? கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆறு பங்கு, பங்குக்கு முப்பது லட்சம். முத்திரைத் தீர்வை ஐந்து சதவீதம், அதன் மேல் செஸ், சர்சார்ஜ். பதிவுக் கட்டணம் 2025 ஆகஸ்ட் கடைசியில் ஒன்றிலிருந்து இரண்டு சதவீதமாயிற்று. எல்லாம் சேர்ந்து பங்குக்கு இன்னும் இரண்டேகால் லட்சத்துக்கு மேல். ஊரில் நிலம் விற்றது, சீட்டு, பி.எஃப்., நகை என்று பன்னிரண்டு லட்சம் திரட்டினாலும் இருபது லட்சம் கடன். எட்டரை சதவீத வட்டியில் இருபது வருடத்துக்கு மாதத் தவணை 17,000 ரூபாய்க்கு மேல் வரும். கட்டி முடிக்கும்போது நாற்பத்தொரு லட்சத்தைத் தாண்டியிருக்கும். வங்கியோ பிரிக்கப்படாத பங்குக்குத் தனித்தனியாகக் கடன் தரத் தயங்கும். எல்லோரும் கூட்டாகக் கையெழுத்துப் போட வேண்டிவரும். ஒருவர் தவணை தவறினால் மற்றவர் கழுத்துக்கும் கயிறு வரும். இதைத் தெரிந்துகொண்டுதான் தலையாட்ட வேண்டும்.

அவசரத்தில் வாங்கியவன் கதை எங்கள் வீட்டிலேயே உண்டு. கே.ஆர்.புரத்துக்கு அப்பால் எங்கள் அப்பா ஒரு ரெவின்யூ சைட் வாங்கினார். கிரயப் பத்திரம் கிடையாது. பவர் பத்திரம் மட்டும். ‘எல்லாரும் இப்படித்தான் வாங்குகிறார்கள்’ என்றார் விற்றவர். சுற்றுச்சுவர் கட்டப் போன அன்று அதே சைட்டுக்கு இன்னொருவர் பவர் பத்திரத்தோடு நின்றார். அவரும் நம்மைப் போல ஒரு தொழிலாளிதான். யாரை அடிப்பது? பவர் பத்திரத்தால் சொத்து கைமாறாது என்று 2011 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகத் தீர்ப்பளித்தது. அப்பா அந்தக் காகிதத்தைக் கடைசிவரை டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தார்.

ஆகவே காகிதம் முதலில், அட்வான்ஸ் பிறகு. தாய்ப் பத்திரம் எங்கே? முப்பது வருட வில்லங்கச் சான்றில் பழைய அடமானம் எதுவும் நிற்கிறதா? காத்தா ஏ-யா, பி-யா? வரி கட்டிய ரசீதைக் காட்டி ஏமாற்றுவார்கள். பி காத்தாவுக்கும் வரி வாங்குகிறார்கள், அதனால் வில்லங்கம் தீர்ந்துவிடாது. 2024-இலிருந்து இ-காத்தா இல்லாமல் இங்கே பதிவும் நடக்காது. முக்கியமாக ஒன்று: பெரியவருக்கு இரண்டு மகன்கள், இரண்டு மகள்கள். பேச வருபவர்கள் மகன்கள் மட்டும். தகப்பன் உயில் எழுதாமல் இறந்தால் மகளுக்கும் சம பங்கு என்பது 1956-ஆம் வருடத்துச் சட்டம். அந்த இரண்டு பெண்களும் கையெழுத்துப் போடாத பத்திரத்தைத் தொடாதீர்கள். அதுபோலவே நம் பத்திரத்திலும் வீட்டுப் பெண்களின் பெயர் இருக்க வேண்டும். சீட்டுப் பணம் கட்டுவது யார் என்று நமக்குத் தெரியாதா?

இனி வருவது கசப்பான விஷயம். ஆறில் நான்கு குடும்பம் எப்படியோ சமாளிக்கும். ஐந்தாவது வீடு மூன்று லட்சம் லீசில் இருக்கிறது. கோடி வீட்டில் கார்மென்ட்ஸில் தைக்கும் ஒரு தங்கை, இரண்டு குழந்தைகளோடு. அவருக்கு எந்த வங்கியும் இருபது லட்சம் தராது. ‘அந்த இரண்டு பங்கையும் வெளியாளுக்கு விற்றுவிட்டால் நம் சுமை குறையும்’ என்று போன வாரம் ஒரு யோசனை வந்தது. சொன்னவர் கெட்டவர் அல்ல; பயத்தில் சொன்னார். ஆனால் நம் சங்கத்துக்காரர் ஒருவரே முன்பு வீடு வாங்கியதும் செய்த முதல் காரியம், கீழே குடியிருந்தவரை எழுப்பி வாடகையை இரட்டிப்பாக்கியதுதான். அவரும் நம் மேடையில் நில உரிமை பற்றிப் பேசியவர். கை தட்டியவர்கள் நாம்.

எங்கள் யோசனை இது. நான்கு பேரும் ஆறு பங்கையும் தாங்க முடியுமா என்று வங்கியில் கேட்போம். முடிந்தால் லீஸ் பணத்தைத் திருப்பித் தரும் பொறுப்பையும் பத்திரத்துக்கு முன்பே விற்பவரிடம் எழுதி வாங்குவோம். அந்த மூன்று லட்சத்தை விலையில் கழிக்கலாம். தங்கைக்கு இப்போதைய வாடகையிலேயே பதினொரு வருட ஒப்பந்தம், அதையும் பதிவு செய்து. முடியாவிட்டால் வாங்க வேண்டாம். ஆறு பேரும் சேர்ந்தே நின்று, காலி செய்ய ஒரு வருட அவகாசமும் நஷ்டஈடும் கேட்போம்.

‘நஷ்டத்துக்கு வாடகை விடச் சொல்கிறீர்களா?’ என்று பின்வரிசையில் கேட்கிறார்கள். ஆம். பங்குக்கு எவ்வளவு நஷ்டம் என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறோம்; கூட்டம் முடிந்ததும் வந்து பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஆறு வீட்டுக்காரர்களும், பெண்கள் உட்பட, படிப்பகத்துக்கு வாருங்கள். சம்பளச் சீட்டும் லீஸ் பத்திரமும் கையில் இருக்கட்டும். வில்லங்கச் சான்றுக்குத் திங்கட்கிழமை விண்ணப்பம் போட இரண்டு பேர் வேண்டும். பெயர் கொடுங்கள்.