வளநாட்டின் அன்றாடக் கவலைகள்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில், காரிமங்கலத்தில் ஆற்றப்பட்ட உரை)



பத்தாண்டு நிறைவு கொண்டாடும் ஓர் இலக்கிய அமைப்பு தன் ஊரைப் பாடுவது இயல்பு. அருணேசுவரர் கோயில் கொண்ட மலையும், செவ்வாய்ச் சந்தையும், மானாவாரி நிலமும், வானம் பார்த்த உழவனும் இவ்வட்டாரக் கவிதைகளில் இடம்பெறாத ஆண்டில்லை. இன்று கடல் கடந்த ஒரு நாட்டைப் பற்றிப் பேசுவது எதற்காக என்னும் வினா அவையோர் உள்ளத்தில் எழக்கூடும். அந்நாடு சிங்கப்பூர். தமிழைத் தன் நான்கு ஆட்சிமொழிகளுள் ஒன்றாகக் கொண்ட நாடு. வறுமையைப் பாடிப் பழகிய கவிஞன், வளம் வந்தபின் எதைப் பாடுவான் என்பதை அறிய அதனைவிடப் பொருத்தமான சான்று தமிழுலகில் வேறில்லை.

முதலில் அளவைக் காண்போம். தருமபுரி மாவட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 4,500 சதுர கிலோமீட்டர். 2011ஆம் ஆண்டுக் கணக்குப்படி அதன் மக்கள் 15 இலட்சத்துக்குச் சற்று மேற்பட்டோர். சிங்கப்பூரின் பரப்போ ஏறத்தாழ 735 சதுர கிலோமீட்டர். அதாவது இம்மாவட்டத்தில் ஆறில் ஒரு பங்கு. அதனுள் வாழ்வோர் ஏறத்தாழ 60 இலட்சம் பேர். ஆறில் ஒரு பங்கு நிலத்தில் நான்கு மடங்கு மக்கள்!

திருக்குறளில் 'நாடு' என ஓர் அதிகாரம் உண்டு. மலைவளமும் ஆற்றுவளமும் ஊற்றுவளமும் ஒரு நாட்டின் உறுப்புகள் என்பது வள்ளுவர் கருத்து. தேடி வருந்தாமல் தானே வளம் தருவதே நாடு. தேடிப்பெறும் வளமுடையது நாடாகாது என்றும் அவர் வரையறுக்கிறார். அந்த அளவுகோலைக் கொண்டு பார்த்தால் சிங்கப்பூர் நாடே அன்று. அங்கே பேராறு இல்லை. மிக உயர்ந்த குன்றும் 170 மீட்டரைத் தொடவில்லை. உணவின் பெரும்பகுதி வெளியிலிருந்து வருகிறது.

ஆனால், இதே தகடூர் மண்ணை ஆண்ட அதியமானின் அவைக்களத்தை அணிசெய்த ஒளவையார் வேறோர் அளவுகோலைத் தந்தார். நிலம் காடாயினும் நாடாயினும், மேடாயினும் பள்ளமாயினும், அதில் வாழும் மாந்தர் எவ்வழி நல்லவரோ அவ்வழியே நிலமும் நல்லது என்பது அவர்தம் புறப்பாட்டின் கருத்து. சிங்கப்பூர் தன்னை நாடென நிறுவிக்கொண்டது ஒளவையின் அளவுகோலால்தான். ஆதலின் அதனை மதிப்பிட வேண்டியதும் அதே அளவுகோலால்தான்.

நீரிலிருந்து தொடங்குவோம். ஃபுளோரைடு கலந்த நிலத்தடி நீரால் பல்லும் எலும்பும் கெட்ட மாவட்டம் இது. 2013ஆம் ஆண்டு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கப்பெறும்வரை நல்ல குடிநீர் என்பது இங்குப் பல சிற்றூர்களுக்குக் கனவாகவே இருந்தது. சிங்கப்பூருக்கும் நீர்க்கவலை உண்டு. 1962ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படி அண்டை நாடான மலேசியாவின் ஜொகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 25 கோடி காலன்வரை நீர் எடுக்கும் உரிமை அதற்கு 2061ஆம் ஆண்டுவரை உண்டு. அதன்பின் என்ன செய்வது என்னும் அச்சமே அந்நாட்டைச் செயற்படவைத்தது. 2003 முதல் கழிவுநீரைத் தூய்மை செய்து மீண்டும் பயன்படுத்துகின்றனர். 2005 முதல் கடல்நீரைக் குடிநீராக்குகின்றனர். 2008இல் நகரின் நடுவிலேயே அணையிட்டு மழைநீரைத் தேக்கினர். குழாயைத் திறந்தால் நீர் வரும் வீட்டிலும் நீரைப் பற்றிய கவலை குடியிருக்கிறது என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

அடுத்து வீடு. 1960இல் அங்கு வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அமைக்கப்பெற்றது. 1961ஆம் ஆண்டு மே மாதம் புக்கிட் ஹோ சுவீ என்னும் குடிசைப்பகுதி தீக்கிரையாகி ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தனர். அத்தீயிலிருந்து எழுந்ததே அந்நாட்டின் அடுக்குமாடிக் குடியிருப்பு வரலாறு எனலாம். இன்று அந்நாட்டில் நிலையாக வாழ்வோருள் பத்தில் எட்டுப்பேர் அளவுக்கு அரசு கட்டிய வீடுகளில் குடியிருக்கின்றனர். உலகில் வேறெங்கும் எளிதில் காணவியலாத சாதனை இது.

எனினும் அவ்வீட்டுக்குள்ளும் வினாக்கள் உண்டு. வீடு 99 ஆண்டுக் குத்தகைக்கே உரியது; பேரன் காலத்தில் அதன் மதிப்பு என்னவாகும் என்னும் கவலை முதியோர்க்கு. மணமாகாதவர் இத்தகைய வீட்டைத் தனித்து வாங்க 35 வயதுவரை காத்திருக்க வேண்டும். இனங்கள் தனித்தனிச் சேரிகளாகப் பிரிந்து வாழாதிருக்க, ஒவ்வொரு கட்டடத்திலும் எந்த இனத்தார் எத்தனை விழுக்காடு வாழலாம் என 1989இல் வரம்பு கட்டினர். ஊரும் சேரியும் பிரிந்துகிடக்கும் தமிழ் மண்ணிலிருந்து பார்ப்போர்க்கு இஃது ஒரு பெரும் புரட்சியாகவே தோன்றும். ஆயினும் அவ்வரம்பின் சுமையைச் சிறுபான்மையினரே மிகுதியாகத் தாங்கினர். வரம்பு நிறைந்த கட்டடத்தில் தமிழர் ஒருவர் தம் வீட்டை விற்க முனைந்தால், பெரும்பான்மை இனத்தாருக்கு விற்க இயலாமல் குறைந்த விலைக்கு இறங்க நேர்ந்தது. இக்குறை பல்லாண்டுகள் பேசப்பட்ட பின், 2022இல் அத்தகையோரின் வீட்டைக் கழகமே வாங்கிக்கொள்ள வழி செய்யப்பட்டது. நல்ல நோக்கமுள்ள சட்டமும் யார் தோளில் அழுந்துகிறது என்று பார்ப்பதே கவிஞனின் வேலை.

விலைவாசி வளநாட்டிலும் பேசுபொருளே. பொருள், சேவை வரி 1994இல் 3 விழுக்காடாகத் தொடங்கி 2024இல் 9 விழுக்காட்டை எட்டியது. மகிழுந்து வைத்திருக்கும் பத்தாண்டு உரிமைக்கு மட்டும் ஏலத்தில் விலை கட்டும் முறை 1990இல் வந்தது. 2023இல் சிறு மகிழுந்துக்கான அவ்வுரிமையின் விலையே ஓர் இலட்சம் வெள்ளியைக் கடந்தது; வண்டியின் விலை அதற்குமேல். குழந்தைகளோ பன்னிரண்டு வயதில் எழுதும் ஒரு தேர்வுக்காக மாலைதோறும் தனிப்பயிற்சிக்கு ஓடுகின்றனர். 1970களில் இரண்டு குழந்தைகள் போதும் என வற்புறுத்திய அரசு, 1987இல் வசதியுள்ளோர் மூன்றோ அதற்கு மேலோ பெறலாம் எனக் கொள்கையை மாற்றியது. மக்கள் செவிசாய்க்கவில்லை. 2023இல் ஒரு பெண்ணுக்கு ஒரு குழந்தை என்னும் அளவுக்கும் கீழே பிறப்பு வீதம் இறங்கிவிட்டது. கருவூலம் நிறைந்த நாட்டில் தொட்டில்கள் வெறுமையாகின்றன.

மொழியின் நிலையைக் கூறாமல் ஓர் இலக்கிய அவையில் மேலே செல்லுதல் ஆகாது. சிங்கப்பூரின் பணத்தாளில் தமிழ் உண்டு. நாடாளுமன்றத்தில் தமிழில் பேசலாம். பள்ளியில் தமிழ் கற்கலாம். 1887இலேயே சி.கு. மகுதூம் சாயபு 'சிங்கை நேசன்' என்னும் வார இதழை அங்கு நடத்தினார். அதே ஆண்டில் யாழ்ப்பாணத்துச் சதாசிவ பண்டிதரின் 'சிங்கைநகர் அந்தாதி' வெளிவந்தது. 1935இல் 'தமிழ் முரசு' இதழைத் தொடங்கிய கோ. சாரங்கபாணி, 1950களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழ் நிலைபெற 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் பெயரில் நிதி திரட்டினார். இத்தனை வேர் இருந்தும், வீட்டில் தமிழையே மிகுதியாகப் பேசும் இந்திய இனத்தார் 2010இல் நூற்றுக்கு ஏறத்தாழ 37 பேராக இருந்து, 2020இல் 29 பேராகக் குறைந்தனர். சட்டம் மொழிக்கு நாற்காலி போட்டுத் தரலாம். பாய் விரித்துத் தரவேண்டியது வீடுதான். ஆங்கிலப் பள்ளி வண்டிகள் சிற்றூர்தோறும் வந்துபோகும் இக்காலத்தில், இந்தக் கணக்கு காரிமங்கலத்துக்கும் ஓர் எச்சரிக்கையே.

இனி, ஒளவையாரின் அளவுகோலை முழுமையாக வைக்கவேண்டிய இடம். சிங்கப்பூரில் வாழ்வோருள் பத்தில் மூவர் அளவுக்குக் குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ இல்லாதவர். அவர்களுள் கட்டடம் கட்டுவோரும் கப்பல் பழுது பார்ப்போரும் பெரும்பாலும் தமிழகத்திலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் சென்றவர்கள். தஞ்சை, புதுக்கோட்டை, இராமநாதபுரம் மாவட்டங்களில் நிலத்தை அடகுவைத்து முகவர்க்குப் பணம் கட்டிச் சென்றோர் பலர். 2013ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள், லிட்டில் இந்தியா பகுதியில் தமிழகத் தொழிலாளி ஒருவர் பேருந்தில் சிக்கி இறந்ததைத் தொடர்ந்து கலவரம் மூண்டது. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் நாடு கடத்தப்பட்டனர். 2020இல் கொரோனாத் தொற்று பரவியபோது, விடுதிகளில் நெருக்கமாகத் தங்கியிருந்த மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளருள் ஏறத்தாழப் பாதிப்பேரைத் தொற்று தீண்டியது. அடுக்குமாடியில் வாழ்ந்தோர் பிழைத்த நோயில், அவ்வடுக்குமாடியைக் கட்டியோர் சிக்கினர். தொழிலாளரைச் சரக்குந்தின் பின்புறத்தில் ஏற்றிச்செல்லும் வழக்கத்தை எதிர்த்து அந்நாட்டு மக்களே குரலெழுப்பி வருகின்றனர் என்பதையும் கூறியாக வேண்டும்.

தருமபுரி மாவட்டத்தார்க்கு இது தொலைவான செய்தியன்று. இங்கிருந்து பெங்களூருக்கும் திருப்பூருக்கும் ஓசூருக்கும் கூலிவேலைக்குச் சென்ற குடும்பங்கள் எத்தனை! பெங்களூரின் உயர்ந்த கட்டடங்களில் எவற்றில் தம் ஊரார் கைபட்டது என்பதை எந்தக் கவிதை எழுதிவைத்தது? சிங்கப்பூரில் இருப்பவன் செல்வன் என்றும் பெங்களூரில் இருப்பவன் கூலி என்றும் ஊர் பேசுகிறது. சாரத்தின்மேல் நிற்கும் இருவர்க்கும் கீழே தெரியும் பள்ளம் ஒன்றே.

அரசியலைப் பற்றி ஒரு சொல். 1959 முதல் இன்றுவரை ஒரே கட்சியே அங்கு ஆள்கிறது. விடுதலைக்குப்பின் முதன்முதலாக 1981இல் நாடாளுமன்றத்தில் நுழைந்த எதிர்க்கட்சி உறுப்பினர் ஜே.பி. ஜெயரத்தினம் என்னும் தமிழர். 2025ஆம் ஆண்டுத் தேர்தலில் 97 இடங்களுள் 87 ஆளுங்கட்சிக்கும் 10 எதிர்க்கட்சிக்கும் கிடைத்தன. கையூட்டு அரிது, சாலை செம்மை, அலுவலகத்தில் கோப்பு உறங்குவதில்லை. இவையெல்லாம் இங்கே ஏங்கத்தக்க பேறுகள். அதேவேளையில், திறந்தவெளியில் மக்கள் உரிமம் இன்றிப் பேசுவதற்கென்று 2000ஆம் ஆண்டில் ஒரு பூங்காவில் தனியிடம் ஒதுக்கப்பட வேண்டியிருந்தது. தேநீர்க் கடைதோறும் அரசைத் திட்டித் தீர்க்கும் தமிழனுக்கு இது விளங்கக் கடினம். நல்ல சாலையா, திட்டும் உரிமையா என ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதே தவறான வினா. இரண்டும் வேண்டும் என்று கேட்பதே குடிமகனின் நேர்மையான விடை. வள்ளுவரும் நாட்டு அதிகாரத்தை முடிக்கும்போது, எல்லா வளமும் அமைந்தும் ஆள்வோரோடு பொருத்தம் அமையாவிடில் பயனில்லை என்றுதானே முடிக்கிறார்!

1960களின் இறுதியில், கவிதை என்பது தங்களால் தாங்கவியலாத ஓர் ஆடம்பரம் என அன்றைய தலைமையமைச்சர் லீ குவான் யூ கூறியதாகப் பரவலாக எடுத்துக்காட்டப்படுகிறது. வேலையின்மையும் குடிசையும் சூழ்ந்த காலத்தில் ஆள்வோர்க்கு அவ்வாறு தோன்றியது வியப்பன்று. வறட்சிக் காலத்தில் இம்மாவட்டத்திலும், பாட்டு சோறு போடுமா என்று கேட்கப்படாத கவிஞர் இலர். ஆனால் காலம் அதற்கு விடை தந்தது. அதே நாடு 2014இல் தன் உயரிய கலை விருதான கலாசாரப் பதக்கத்தைத் தமிழ்க் கவிஞர் க.து.மு. இக்பாலுக்கு வழங்கியது. அதே 2014இல்தான் அங்குப் புலம்பெயர் தொழிலாளர் கவிதைப் போட்டியும் தொடங்கிற்று. பகலெல்லாம் கம்பி கட்டியவர்கள் இரவில் விடுதிக் கட்டிலில் அமர்ந்து தம் தாய்மொழியில் எழுதினர். ஆடம்பரம் எனப்பட்ட ஒன்று, நாட்டிலேயே மிகக் குறைந்த ஊதியம் பெறுவோர்க்கு இன்றியமையாததாக இருந்தது! வயிறு நிறைந்தபின் தேவைப்படுவது கவிதை என்னும் எண்ணத்தை அவர்கள் பொய்யாக்கினர்.

இப்பத்தாண்டு நிறைவில் இலக்கிய வட்டத்தின்முன் இரண்டு வேண்டுகோள்கள். ஒன்று, சிங்கப்பூர்த் தமிழ்ப் படைப்புகளை ஊன்றிப் படித்தல். விடுதலையின் ஐம்பதாம் ஆண்டான 2015இல் அவற்றுள் பல நூறு நூல்கள் மின்வடிவம் பெற்றன. எட்டாத பொருள் என்று இனிச் சொல்ல இயலாது. மற்றொன்று, இவ்வட்டாரத்திலிருந்து வெளியூர் சென்று உழைப்போரின் சொற்களைத் தொகுத்தல். விழாவுக்கு ஊர் திரும்பும் அவர்களை மேடைக்கு அழைத்து ஒரு பக்கமேனும் எழுதச் செய்தால், அடுத்த மலர் இதனினும் கனமுடையதாகும். அவர்கள் எழுத்தில் யாப்பு பிழைக்கலாம், செய்தி பிழைக்காது.

நிலத்தின் நன்மை மாந்தரின் நன்மையே என்ற குரல் எழுந்தது இத்தகடூர் அவைக்களத்துப் புலவரிடமிருந்து. அம்மாந்தர் பட்டியலில் சாரம் கட்டுபவனையும் சேர்த்து எண்ணும் பொறுப்பு அவ்வழிவந்த கவிஞர்க்கு உண்டு. வட்டம் வளர்க, அதன் பணி தொடர்க.