சாக்கடைக்கும் ஜாதியா?

(விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் நடந்த கூட்டங்களில் பேசியதன் சாரம்)



சாக்கடையைப் பற்றிப் பேசப் போகின்றோம் என்றதும் முன்வரிசையில் சிலர் மூக்கைச் சுளிக்கின்றீர்கள். மாட்டு மூத்திரத்தைத் தீர்த்தமென்று தலையில் தெளித்துக் கொள்ளும்போது சுளியாத மூக்கு இதற்கு மட்டும் ஏன் சுளிக்க வேண்டும்?

நம் கிராமங்களில் குழாய்த் தண்ணீர் வந்திருக்கின்றது, கக்கூசும் வந்திருக்கின்றது. ஆனால் வீட்டைவிட்டு வெளியேறும் தண்ணீர் எங்கே போகின்றது என்றால், "பள்ளத்தைப் பார்த்துப் போகிறது" என்கின்றார்கள். அநேக ஊர்களில் அந்தப் பள்ளத்தில் இருப்பது சேரி. மேட்டைத் தனக்கும் பள்ளத்தைப் பிறனுக்கும் பங்கிட்டது தண்ணீரா, வருணாசிரமமா?

வாந்திபேதி வந்தால் அம்மனுக்குக் கூழ் ஊற்றிய தேசம் இது. 1854இல் லண்டன் பட்டணத்தில் அதே பேதி வந்தபோது, ஜான் ஸ்நோ என்ற வைத்தியர் கூழ் ஊற்றவில்லை. செத்தவர்கள் எந்தத் தண்ணீரைக் குடித்தார்கள் என்று வீடுவீடாய் விசாரித்து, ஒரு தெருப் பம்பின் கைப்பிடியைக் கழற்றச் செய்தார். அந்தக் கிணற்றருகே ஒரு மலக்குழி கசிந்துகொண்டிருந்தது பின்னால் தெரிந்தது. கிருமி ஜாதி கேட்டுக்கொண்டு வயிற்றில் இறங்குவதில்லை.

சரி, கிராமத்தான் என்ன செய்வான், பட்டணத்து யந்திரத்துக்கு எங்கே போவான் என்பீர்கள். நம் ஜில்லாவிலேயே, வானூர் பக்கம் ஆரோவில்லைப் போய்ப் பாருங்கள். அங்குள்ளவர்களின் அன்னை பக்திக்கும் நமக்கும் யாதொரு சம்பந்தமுமில்லை. ஆனால் சாக்கடை விஷயத்தில் அவர்கள் கும்பிட்டுக்கொண்டு உட்காரவில்லை, தொட்டி கட்டினார்கள். முதல் தொட்டியில் கனத்த அழுக்கு அடியில் தங்குகின்றது. அடுத்துள்ள தடுப்பறைகளில் தண்ணீர் ஏறி இறங்கிச் செல்கையில், காற்றில்லாமல் வாழும் நுண்கிருமிகள் கலந்துள்ள அழுக்கைத் தின்கின்றன. பிறகு நாணலும் கல்வாழையும் நட்ட ஜல்லிப் படுகை. கடைசியாக வெயில்படும் குளம். குடிக்க உதவாது, மரம் செடிக்கு உதவும். இதில் மந்திரமுமில்லை, மனிதன் கைவிட்டு அள்ளுவதுமில்லை.

தனி வீட்டுக்கு இவ்வளவும் வேண்டியதில்லை. குளிக்கிற, பாத்திரம் கழுவுகிற தண்ணீருக்கு ஓர் உறிஞ்சுகுழி போதும். கக்கூசுக்கு இரட்டைக் குழி. ஒன்று நிறைந்தால் மூடிவிட்டு மற்றதில் திருப்பிவிட வேண்டும். 2 வருஷம் மூடிக்கிடந்தது நாற்றமற்ற எருவாகிவிடும். கிணற்றருகில் மட்டும் வெட்டக்கூடாது.

இதைச் சொன்னபோது ஒரு கிராமத்துப் பெரியவர் தம் வீட்டுக் குழியைக் காட்டினார். குழியா அது? கிணறு! ஆயுசு முழுதும் நிறையக்கூடாதாம். ஏன் ஐயா என்றால், "நிறைஞ்சா யார் அள்றது? இப்பல்லாம் அவங்க வரமாட்டேங்கிறாங்க" என்றார். எரு மக்கிப்போன பிறகும் அவருக்கு அது மலம்தான், அள்ளப் பிறந்தவன் வேறொருவன்தான்! பாருங்கள் தோழர்களே, செங்கல் அதிகமானதும் செலவு அதிகமானதும் ஜாதியினால். ஏழைக்கோ இவ்வளவு பெரிய குழி கட்ட வழியில்லை. சின்னது கட்டினால் நிறைந்துவிடுமென்ற பயம். ஆகவே அவன் வயல்வெளிக்கே போகின்றான்.

நிறைந்த குழிக்குள் மனிதனை இறக்குகின்றார்கள். உள்ளே விஷவாயு. ஒருவன் மயங்கினால், தூக்கப் போனவனும் சாகின்றான். மனிதனைக்கொண்டு மலம் அள்ளுவதைத் தடுக்க 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம். சாக்கடையில் செத்தவன் குடும்பத்துக்கு 10 லட்சம் தரவேண்டுமென்று 2014இல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிற்று. 2023இல் அதுவே 30 லட்சம் என்றது. விலைதான் ஏறியிருக்கின்றது. இறக்குவது நிற்கவில்லையே, ஏன்? அடுத்த முறை உங்கள் தெருவில் குழி திறக்கும்போது லாரியும் குழாயும் வந்திருக்கின்றதா, இடுப்பில் கயிறு கட்டிய ஆள் வந்திருக்கின்றானா என்று பாருங்கள். ஆள் என்றால் மூடியின்மேல் போய் நின்றுகொள்ளுங்கள்.

உறிஞ்சுகுழிக்கும் இரட்டைக் குழிக்கும் அளவும் சாமான் விவரமும் எழுதிவைத்திருக்கின்றோம். வேண்டியவர்கள் கூட்டம் கலைந்ததும் மேடைப்பக்கம் வரலாம்.