ஓட்டுக்கு முந்தைய வேலைகள்

(நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"தேர்தல் வருகிறது, ஓட்டுப் போடுவதைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுங்கள்" என்று செயலாளர் அவர்கள் கேட்டார். "யாருக்கு என்று சொல்லக் கூடாது, அவ்வளவுதானே?" என்றேன். "அதை மட்டும் வாயே திறக்கக் கூடாது" என்றார். ஆகவே கட்சி பேசப் போவதில்லை. ஜனநாயகத்தின் மாண்பையும் பேசப் போவதில்லை. அதை என்னைவிட அழகாகப் பேசுகிறவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர் உண்டு. உத்திரமேரூர்க் கல்வெட்டையும் தொடப் போவதில்லை. (ஒன்றே ஒன்று: குடவோலை என்பது பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் செய்த திருவுளச்சீட்டு. இன்றைய ஓட்டு அல்ல. மேடையில் நாம்தான் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறோம்.) நாம் பொறியாளர்கள். கான்கிரீட் போடும் நாளைவிட அதற்கு முந்தைய நாட்களில்தான் வேலை அதிகம் என்பது நமக்குத் தெரியும். ஓட்டும் அப்படித்தான்.

முதல் வேலை பெயரைப் பார்ப்பது. "கையில கார்டு இருக்கு சார், அப்புறம் என்ன?" என்று கேட்பவர்கள் இந்த அரங்கிலேயே பாதிப் பேர் இருப்பார்கள். கார்டு என்பது நீங்கள் யார் என்று காட்டும் அடையாளம் மட்டுமே. ஓட்டுரிமை இருப்பது பட்டியலில். கார்டு இருந்து பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் ஓட்டு கிடையாது. பட்டியலில் பெயர் இருந்து கார்டு தொலைந்துபோயிருந்தால், வேறு ஆவணம் காட்டி ஓட்டுப் போடலாம். இந்த வித்தியாசம் புரியாமல், வாக்குச்சாவடி வாசலில் நின்று தேர்தல் அலுவலரோடு சண்டை போடுகிறவர்களை ஒவ்வொரு தேர்தலிலும் பார்க்கிறோம். பாவம், அந்த அலுவலர் பெரும்பாலும் பக்கத்து ஊர்ப் பள்ளி ஆசிரியராக இருப்பார். அவர் கையில் இருக்கும் அச்சிட்ட பட்டியலில் அன்றைக்கு ஒரு பெயரைக்கூட அவரால் சேர்க்க முடியாது. வேட்புமனுத் தாக்கலுக்கான கடைசி நாள் முடிந்தால், அந்தத் தேர்தலுக்குப் பெயர் சேர்ப்பதும் நீக்குவதும் நின்றுவிடும் என்பது 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்திலேயே இருக்கிறது. விண்ணப்பத்தைச் சரிபார்க்கவும் நாள் வேண்டும். ஆகவே தேர்தல் தேதி அறிவித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் காலம் போய்விடும்.

இதிலே நம் கல்லூரியிலிருந்து வெளியே போனவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியது. அந்த டிசம்பரில் வந்த வரைவுப் பட்டியலில் 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இல்லை. இறந்தவர்கள் உண்டு, இரண்டு இடத்தில் இருந்தவர்கள் உண்டு. ஆனால் பெரும்பங்கு இடம்பெயர்ந்தவர்கள் என்று குறிக்கப்பட்டவர்கள்தான். அந்தத் திருத்தம் நடந்த விதம் சரியா தவறா என்று பெரிய வாதம் நடந்தது; அதற்குள் நான் போகவில்லை. இடம்பெயர்ந்தவர் என்றால் யார்? படிப்பு முடித்து, கோயம்புத்தூரிலோ ஓசூரிலோ பெங்களூரிலோ வேலை கிடைத்து, அப்பா அம்மா இருக்கும் ஊரில் பெயரை மட்டும் விட்டுவிட்டுப் போனவர். அதாவது நாம்!

"எங்கே ஓட்டு வைத்துக்கொள்வது?" என்ற கேள்விக்குச் சட்டம் சொல்லும் விடை, நீங்கள் 'சாதாரணமாக வசிக்கும்' இடம் என்பது. சொந்த ஊரில் ஒரு வீடு இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் அங்கே வசிப்பவராகிவிட முடியாது என்று சட்டம் வெளிப்படையாகவே சொல்கிறது. தற்காலிகமாக வெளியூர் போனதால் மட்டும் உரிமை போய்விடாது என்றும் சொல்கிறது. மூன்று மாதம் சைட் வேலைக்காக ஒடிசா போனவர் கவலைப்பட வேண்டாம். எட்டு வருடமாகச் சென்னையில் குடும்பத்தோடு இருப்பவர், "எனக்கு ஓட்டு ஊர்லதான்" என்றால் அது ஊர்ப்பாசமாக இருக்கலாம், வசிப்பாகாது. இரண்டு இடத்திலும் வைத்துக்கொள்ளலாம் என்று நினைப்பது சட்டப்படி குற்றம். விண்ணப்பத்தில் பொய்யான உறுதிமொழி கொடுத்தால் ஓராண்டு வரை சிறைத்தண்டனை உண்டு.

என் கருத்தைக் கேட்டால், எந்த ஊர்க் குழாயில் தண்ணீர் பிடிக்கிறீர்களோ அந்த ஊரில் ஓட்டு இருக்க வேண்டும். பிள்ளை படிக்கும் பள்ளி, தினம் போகும் சாலை, மழை பெய்தால் தேங்கும் தெரு எல்லாம் ஓர் ஊரில் இருக்க, அதையெல்லாம் கேட்கும் உரிமையை இன்னோர் ஊரில் வைத்துக்கொள்வதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. மூத்தவர்கள் சிலருக்கு இது பிடிக்காது என்று தெரியும். "ஊரிலே ஓட்டு இருந்தால்தானப்பா மதிப்பு" என்பார்கள். ஊருக்குச் செய்ய வேறு எத்தனையோ வழி இருக்கிறது, அண்ணே! எனக்கு வேலையில் இதுவரை மூன்று ஊர் ஆகிவிட்டது. ஒவ்வொரு முறை வீடு மாறும்போதும் கேஸ் இணைப்பை மாற்றுகிற வாரத்திலேயே படிவம் 8-ஐயும் கொடுத்துவிடுவது என் வழக்கம். முகவரி மாற்றம், பிழைத் திருத்தம், தொலைந்த கார்டுக்கு மாற்று எல்லாவற்றுக்கும் இப்போது படிவம் 8 ஒன்றே. புதிதாகச் சேருவதற்குப் படிவம் 6. துபாயிலும் குவைத்திலும் இருக்கும் நண்பர்கள் வேறு நாட்டுக் குடியுரிமை வாங்காதவரை, படிவம் 6ஏ மூலம் பாஸ்போர்ட்டில் உள்ள முகவரியில் சேரலாம். ஆனால் ஓட்டுப் போட நேரில்தான் வர வேண்டும்.

இனி மாணவர்களுக்கு. 1989 வரை இந்த நாட்டில் ஓட்டுப் போட 21 வயது ஆக வேண்டும். அரசியல் சட்டத்தின் 61-ஆவது திருத்தம் அதை 18 ஆக்கியது. பிறகும் ஒரு குறை இருந்தது. ஜனவரி 1-ஆம் தேதி 18 முடிந்திருக்க வேண்டும் என்று விதி. மார்ச் மாதம் 18 முடிகிறவர் அடுத்த ஜனவரி வரை காத்திருக்க வேண்டும். 2021-இல் சட்டம் திருத்தப்பட்டு, இப்போது ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என்று நான்கு தகுதி நாட்கள் இருக்கின்றன. 17 வயது முடிந்தவுடனேயே முன்கூட்டி விண்ணப்பிக்கலாம். முதலாம் ஆண்டு மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

விடுதி மாணவர்களின் நிலைமைதான் எனக்குக் கவலை தருவது. தேர்தல் நாளில் பார்த்தால் ஊருக்குப் போக டிக்கெட் கிடைத்திருக்காது. மறுநாள் லேப் தேர்வு இருக்கும். "ஒரு ஓட்டுதானே மச்சான், விடுடா" என்று மெஸ்ஸில் உட்கார்ந்து டி.வி. பார்த்துக்கொண்டிருப்பார்கள். பல பேருக்குத் தெரியாத விஷயம், விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவர், பெற்றோர் வீட்டு முகவரியிலோ விடுதி முகவரியிலோ, எது வேண்டுமோ அதில் பெயர் சேர்த்துக்கொள்ளலாம் என்று தேர்தல் ஆணையமே அனுமதித்திருக்கிறது. அங்கீகாரம் பெற்ற, ஓராண்டுக்குக் குறையாத படிப்பாக இருக்க வேண்டும். கல்லூரித் தலைவர், இவர் எங்கள் மாணவர்தான் என்று சான்று கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் தேவை. ஆகவே முதல்வர் அவர்கள் முன்னிலையிலேயே, உரிமையோடு ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். அந்தச் சான்றைக் கேட்டு வரும் மாணவனை, "உனக்கெதுக்குப்பா அரசியல்?" என்று அலுவலகத்தில் திருப்பி அனுப்பாமல், போனஃபைடு சர்டிபிகேட் கொடுப்பது போலவே கையெழுத்துப் போட்டுக் கொடுக்க ஏற்பாடு செய்ய வேண்டும். நாலு வருஷம்தானே இருக்கப் போகிறார்கள் என்று கேட்கலாம். சட்டமன்றத்துக்கே ஆயுள் ஐந்து வருஷம்தான் ஐயா! நம் கல்லூரி வாசலில் பஸ் நிற்பதில்லை என்று எத்தனை தலைமுறையாகப் புலம்புகிறோம்? இத்தனை பேர் தங்கியிருக்கும் இடத்தில் உள்ளூர் ஓட்டு அநேகமாக இல்லை என்றால், இந்தப் பக்கம் ஓட்டுக் கேட்க யார் வருவார்?

இரண்டாவது வேலை வேட்பாளரைப் படிப்பது. கேட்பது அல்ல, படிப்பது. 2002-இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பின் பலனாக ஒவ்வொரு வேட்பாளரும் படிவம் 26-இல் பிரமாணப் பத்திரம் கொடுக்க வேண்டும். நிலுவையில் உள்ள குற்ற வழக்குகள், தன் பெயரிலும் துணைவர் பெயரிலும் உள்ள சொத்து, கடன், அரசுக் குடியிருப்புக்குக் கட்டாத வாடகை, மின்கட்டண, தண்ணீர் வரிப் பாக்கி, கல்வித் தகுதி எல்லாம் அதில் இருக்கும். தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். இரண்டு லட்ச ரூபாய் டெண்டருக்கு எத்தனை பக்கம் படிக்கிறோம்! ஒப்பந்தக்காரரின் பழைய வேலை, வங்கிக் கணக்கு, வழக்கு எல்லாம் விசாரிக்கிறோம். ஐந்து வருடக் காண்டிராக்டுக்கு அரை மணி நேரம் படித்தால் என்ன? முன்பு நின்றவராக இருந்தால் பழைய பத்திரத்தையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தங்கம் எத்தனை பவுன் என்பதைப் பார்த்து வாய் பிளக்க வேண்டாம். வழக்கு என்ன பிரிவு, எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பாருங்கள். போராட்டத்தில் சாலை மறித்ததற்குப் போட்ட வழக்கும் வழக்குதான், மோசடி வழக்கும் வழக்குதான். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றாகத் தெரியும். ஒருவரும் பிடிக்கவில்லை என்றால் 2013 தீர்ப்புக்குப் பிறகு 'நோட்டா' இருக்கிறது. ஆனால் அதில் எத்தனை விழுந்தாலும் முடிவு மாறாது என்பது தெரிந்து அழுத்துங்கள்.

இயந்திரத்தைப் பற்றி நம்மவர்களிடம் பேச ஆரம்பித்தால் சாப்பாட்டு நேரம் தாண்டிவிடும். ஒன்று மட்டும் சொல்கிறேன். 1996-இல் மொடக்குறிச்சியில் 1,033 பேர் நின்றார்கள். வாக்குச்சீட்டைப் புத்தகமாக அச்சடித்தார்கள். இன்றைய எம்-3 இயந்திரத்தில் ஒரு கண்ட்ரோல் யூனிட்டுக்கு 24 பேலட் யூனிட், நோட்டாவையும் சேர்த்து 384 பேர்தான் எல்லை. பட்டனை அழுத்தியவுடன் நகர்ந்துவிடாதீர்கள். பக்கத்து விவிபேட் கண்ணாடிக்குள் நீங்கள் போட்ட சின்னம் அச்சான சீட்டு 7 விநாடி தெரியும். அதைப் பார்த்துவிட்டு வாருங்கள். அதே மொடக்குறிச்சியில் 2021-இல் வெற்றி வித்தியாசம் 281 ஓட்டு. தியாகராய நகரில் 137. 2016-இல் ராதாபுரத்தில் 49.

கர்நாடகத்தில் சந்தேமரஹள்ளியில் 2004-இல் ஒரே ஓட்டில் ஒருவர் தோற்றார். தேர்தல் நாளில் வேலையில் இருந்த அவருடைய டிரைவர் ஓட்டுப் போடவில்லை என்று பத்திரிகைகள் எழுதின. இங்கே பல பேர் இன்று நிறுவனம் நடத்துகிறீர்கள், நூறு இருநூறு பேருக்கு மேலாளராக இருக்கிறீர்கள். மக்களவை, சட்டமன்றத் தேர்தல் நாளில் ஊழியருக்குச் சம்பளத்தோடு விடுமுறை தர வேண்டும் என்று 1951-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 135பி பிரிவு சொல்கிறது. தினக்கூலிக்கும் உண்டு. மீறினால் அபராதம் 500 ரூபாய் வரைதான். அந்தத் தொகையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சைட்டில் சென்ட்ரிங் வேலைக்கு வந்திருக்கும் விழுப்புரத்துக்காரர் ஓட்டுப் போட்டுத் திரும்பி வர ஒரு நாள் போதாது. ஷெட்யூலை இப்போதே அதற்கு ஏற்பப் போடுங்கள்.

அன்றைக்கு என்ன எடுத்துப் போவது? வாக்காளர் அட்டை. இல்லாவிட்டால் ஆதார், ஓட்டுநர் உரிமம், பான் கார்டு, பாஸ்போர்ட், போட்டோ ஒட்டிய வங்கிப் புத்தகம் போன்றவற்றில் ஒன்று. வீட்டுக்கு வரும் பூத் சிலிப் மட்டும் காட்டினால் போதாது. கல்லூரி அடையாள அட்டை செல்லாது, தம்பிகளா! உங்கள் பெயரில் வேறொருவர் போட்டுவிட்டுப் போயிருந்தால், 2018-இல் வந்த 'சர்கார்' படத்துக்குப் பிறகு 49பி என்று எல்லோருக்கும் தெரிகிறது. அதன்படி காகிதச் சீட்டில் ஓட்டுப் போடலாம்தான். ஆனால் அது தனி உறைக்குள் போகும், வழக்கமான எண்ணிக்கையில் சேராது. காலையிலேயே போய்விடுவது மேல்.

மாலை தேநீர் இடைவேளையில் நூலகத்துக்கு எதிரே மேசை போட்டிருக்கிறோம். படிவம் 6-ம் 8-ம் இருக்கும். பாஸ்போர்ட் அளவுப் போட்டோ ஒன்று, வயதுச் சான்றின் நகல் ஒன்று கொண்டு வாருங்கள். விடுதி மாணவர்கள் அறை எண்ணையும் மறக்காமல் எழுதிக்கொண்டு வரவும். போன முறை அதற்காகத்தான் நாற்பது படிவம் திரும்பி வந்தது.